ஆசனமா? அரங்கேற்றமா?

ஜூன் மாதம் பிறந்தால் தர்மபுரிப் பக்கம் இரண்டு சீசன் சேர்ந்து வரும். ஒன்று மாம்பழ சீசன். இன்னொன்று யோகா சீசன்!

2014 டிசம்பர் 11 அன்று ஐ.நா. பொதுச்சபை ஜூன் 21ஐ சர்வதேச யோகா தினமாக அறிவித்தது. 2015 முதல் அது கொண்டாடப்படுகிறது. அன்று காலையில் பள்ளி மைதானங்களில் ஜமக்காளம் விரிப்பார்கள். மைக் செட் வரும். சிறப்பு விருந்தினர் அரை மணி நேரம் தாமதமாக வருவார். அதுவரை வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் தலையில் வெயில் ஏறிக்கொண்டே இருக்கும். பிறகு ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மேடை ஏறுவான். இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் ஊன்றி, முழங்கைகளைத் தொப்புளுக்கு இரண்டு பக்கமும் அழுத்தி, உடம்பைப் பலகைபோல் கிடைமட்டமாகத் தூக்குவான். மயூராசனம்! கைதட்டல் பறக்கும். செல்போன்கள் எல்லாம் மேலே எழும். மறுநாள் அந்தப் படம் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றும்.

அதே மைதானத்தின் கடைசி வரிசையில் இன்னொரு பையன் இருப்பான். குனிந்து கால் கட்டைவிரலைத் தொடச் சொன்னால், அவன் கை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். "என்னடா, தாத்தா மாதிரி குனியறே!" என்று பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். அவனைப் படம் எடுக்க யாரும் வருவதில்லை.

முதல் பையனின் மணிக்கட்டு அன்று இரவு வலித்ததா என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாவது பையன் ஏன் குனிய முடியவில்லை என்றும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய இந்த இரண்டு கேள்விகளையும் விட்டுவிட்டு, கைதட்டுவதற்குப் பெயர் யோகாவா?

கடினமான ஆசனங்கள் வேண்டவே வேண்டாம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அவை அருமையானவை. ஆனால் அவை ஏணியின் கடைசிப் படிகள். ஏணியை ஒளித்து வைத்துவிட்டுக் கடைசிப் படியை மட்டும் மேடையில் காட்டுவதுதான் பிரச்சினை.

கடினமான ஆசனம் உடம்புக்கு என்ன கொடுக்கிறது?

வலிமை, சமநிலை, நெகிழ்வு - இந்த மூன்றையும்தான் உயர்நிலை ஆசனங்களின் பலனாகச் சொல்வார்கள். மூன்றும் உண்மை. ஆனால் மூன்றும் எப்படி வருகின்றன என்று தெரிந்துகொண்டால்தான், எங்கே ஆபத்து என்பதும் தெரியும்.

முதலில் வலிமை. மயூராசனத்தையே எடுத்துக்கொள்ளலாம். அது ஒரு தராசு மாதிரி. தராசின் முள், வயிற்றில் அழுந்தும் முழங்கைகள். ஒரு தட்டில் தலையும் மார்பும். இன்னொரு தட்டில் நீளமான இரண்டு கால்கள். கால் பக்கம் தாழ்ந்துவிடாமல் இருக்க உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும். அப்படிச் சாயும்போது மொத்த எடையும், பின்னோக்கி வளைந்திருக்கும் இரண்டு மணிக்கட்டுகளில் இறங்குகிறது. முதுகின் நீண்ட தசைகளும் வயிற்றுத் தசைகளும் பின்தொடையும் ஒன்றாக இறுகினால்தான் கால் மேலே நிற்கும். ஆக, இந்த ஆசனத்தைத் தூக்கிப் பிடிப்பது கை மட்டும் இல்லை. முதுகு தயாராகாத பிள்ளை இதைச் செய்யும்போது, முதுகு செய்ய வேண்டிய வேலையையும் மணிக்கட்டின் தலையில் கட்டுகிறது.

இரண்டாவது சமநிலை. ஒற்றைக் காலில் நின்று மறு காலைப் பின்னால் உயர்த்திப் பிடிக்கும் நடராஜாசனம், முன்கைகளில் நின்று பாதத்தைத் தலைக்கு மேல் கொண்டுவரும் விருச்சிகாசனம் எல்லாம் இந்த வகை. நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது. கண் ஒன்று. உள்காது ஒன்று. தசைகளிலும் மூட்டுகளிலும் இருக்கும் உணர்வு நரம்புகள் மூன்றாவது. சந்தேகம் இருந்தால் ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் நின்றவர்கூடத் தள்ளாடுவார்! தலைகீழாக நிற்கும்போது மூளைக்குப் பழகிய மேல், கீழ் எல்லாமே மாறிவிடுகிறது. அதைப் பழக மூளைக்கு நாள் தேவை. அவசரப்படுத்தினால் விழுவது தலை.

மூன்றாவது நெகிழ்வு. ஒரு காலை முன்னாலும் மறு காலைப் பின்னாலும் நீட்டித் தரையோடு தரையாக அமரும் அனுமனாசனம் இதற்கு நல்ல உதாரணம். தசை என்பது ரப்பர் மாதிரி இழுபடும், பழகப் பழக இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஆனால் மூட்டுகளைக் கட்டி வைத்திருக்கும் தசைநார் அப்படி இல்லை. அது அளவுக்கு மேல் நீண்டுவிட்டால் பழைய இறுக்கத்துக்குச் சுலபமாகத் திரும்பாது. மூட்டு தளர்ந்துபோகும். அதுவும் வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் இன்னும் குருத்தெலும்பு இருக்கிறது. எலும்பு நீளமாக வளர்வதே அந்த இடத்தில்தான். அது முற்றிய எலும்பைவிடப் பலவீனமானது. இன்னொரு விஷயமும் உண்டு. இடுப்பு எலும்பின் குழி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி அமைந்திருக்கும். சிலருக்கு எத்தனை வருடம் பழகினாலும் கால் ஓரளவுக்கு மேல் விரியாது. எலும்போடு எலும்பு இடித்துவிடும். அது சோம்பல் இல்லை, அமைப்பு.

இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வளர வேண்டும் என்பதுதான் முக்கியம். நெகிழ்வு மட்டும் இருந்து வலிமை இல்லாவிட்டால் மூட்டு ஆடும். வலிமை மட்டும் இருந்து நெகிழ்வு இல்லாவிட்டால் உடம்பு இறுகும். இரண்டும் இல்லாமல் சமநிலைக்குப் போனால் விழ வேண்டியதுதான்!

பழைய நூல்கள் எதைக் கேட்டன?

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் இருநூறுக்கும் குறைவான சூத்திரங்கள்தான் இருக்கின்றன. அவற்றில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. எந்த ஆசனத்தின் பெயரும் அங்கே கிடையாது. இருக்கை உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே சொல்லப்படும் அடிப்படை. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை சொல்லித்தரும் ஆசனங்கள் 15. அதில் மயூராசனம் இருக்கிறது.

நம் திருமூலரும் மூன்றாம் தந்திரத்தில் ஆசனங்களைச் சொல்கிறார். அதில் குக்குடாசனம் ஒன்று. பத்மாசனத்தில் பூட்டிய கால்களோடு உடம்பைக் கைகளால் மேலே தூக்கி நிறுத்தும் ஆசனம் அது. கடினமானதுதான். ஆனால் அவர் அதற்குப் போடும் நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். தூக்கினால் மட்டும் போதாது, நடுங்காமல் அசையாமல் இருந்தால்தான் அது குக்குடாசனம்.

அப்படியானால் இன்றைக்கு மேடையில் மூச்சை அடக்கி, முகம் சிவந்து, கை நடுங்க, பத்து விநாடி தாக்குப்பிடிப்பதற்கு என்ன பெயர் வைப்பது? திருமூலர் கணக்கில் அது இன்னும் ஆசனம் ஆகவில்லை.

மைசூரில் கிழிந்த தசை

மேடைக்காக ஆசனம் செய்வது நம் காலத்தில் வந்த பழக்கம் என்று நினைத்தால் அதுவும் தப்பு. தர்மபுரியிலிருந்து ஓசூர் வழியாகப் போனால் வந்துவிடும் மைசூரிலேயே, தொண்ணூறு வருடங்களுக்கு முன்னால் இது நடந்திருக்கிறது.

1888ல் பிறந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார், 1930களில் மைசூர் மகாராஜா ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். யோகாவைப் பரப்புவதற்காக மாணவர்களை வைத்துச் செயல்விளக்கங்களும் நடத்தினார். அவரிடம் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் அவருடைய மனைவியின் தம்பி. சின்ன வயதிலேயே மலேரியா, காசநோய், டைபாய்டு என்று வரிசையாக நோய்கள் தாக்கி மெலிந்துபோயிருந்த பையன். உலகம் பிறகு பி.கே.எஸ். ஐயங்கார் என்று கொண்டாடியது இவரைத்தான்.

ஒருநாள் பார்வையாளர்கள் முன்னால் அனுமனாசனம் செய்துகாட்டச் சொன்னார் குரு. அந்த ஆசனம் பையனுக்குத் தெரியாது. சொல்லிப் பார்த்தும் குரு விடவில்லை. பையன் செய்தான். தொடையின் பின்பக்கத் தசை கிழிந்தது.

அந்தப் பையன் பெரியவர் ஆனபிறகு என்ன செய்தார் என்பதுதான் இந்தக் கதையில் முக்கியமான இடம். 1966ல் வெளிவந்த அவருடைய 'லைட் ஆன் யோகா' புத்தகத்தில் 200 ஆசனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எண் போட்டிருப்பார். அது கடினத்தின் அளவு. நேராக நிற்கும் தாடாசனத்துக்கு 1. உச்சத்தில் இருப்பதற்கு 60. அவர் தசையைக் கிழித்த அனுமனாசனத்துக்கு 36! புத்தகத்தின் கடைசியில் எந்த வாரம் எந்த ஆசனம் என்று பாடத்திட்டமும் கொடுத்திருக்கிறார். அது 300 வாரங்களுக்கு நீள்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட ஆறு வருடம். ஒரு பி.காம். டிகிரியை இரண்டு முறை முடித்துவிடலாம்.

குருவும் அதே இடத்தில் நின்றுவிடவில்லை. 1950களில் சென்னைக்கு வந்த கிருஷ்ணமாச்சாரியார், இங்கே பெரும்பாலும் ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தார். வயது, உடல்வாகு, நோய், வேலை எல்லாவற்றையும் பார்த்து, அந்த ஆளுக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்றினார். அந்த வழியில்தான் அவர் மகன் தேசிகாச்சார் 1976ல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கினார். 96 வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது கிருஷ்ணமாச்சாரியார் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மறுத்து, படுக்கையில் கிடந்தபடியே செய்யக்கூடிய பயிற்சியைத் தனக்குத்தானே வகுத்துக்கொண்டார் என்று சொல்கிறார்கள். 1989ல், 100 வயதில் காலமானார்.

மைசூர் மேடையில் தொடங்கியவர், படுக்கையில் செய்யும் பயிற்சியில் வந்து முடித்தார். மேடையை விட்டு ஆளைப் பார்க்கத் தொடங்கியதுதான் அவருடைய வளர்ச்சி. நம் ஊர்கள் இன்னும் அவருடைய முதல் பாதியிலேயே நின்றுகொண்டிருக்கின்றன.

முதலும் கூட்டு வட்டியும்

"அப்படியானால் வயதான காலத்தில் கடினமான ஆசனம் செய்பவர்களே இல்லையா?" என்று கேட்கலாம். கோயம்புத்தூர் நானம்மாள் பாட்டியைத் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் குறைவு. 1920ல் ஜமீன் காளியாபுரத்தில் பிறந்தவர். சின்ன வயதில் வீட்டிலேயே யோகா கற்றவர். சேலை கட்டிக்கொண்டே, 95 வயதைத் தாண்டியும், இருபது வயதுக்காரர்கள் திணறும் ஆசனங்களைச் சாதாரணமாகச் செய்தார். 2018ல் பத்மஸ்ரீ விருது. 2019 அக்டோபர் 26 அன்று 99 வயதில் மறைந்தார்.

அவருடைய வீடியோவைப் பார்ப்பவர்கள் எல்லாரும் ஆசனத்தைத்தான் பார்க்கிறார்கள். காமர்ஸ் படிப்பவர்கள் பார்க்க வேண்டியது வேறு. எட்டு வயதில் போட்ட சின்ன முதல் அது. எண்பது, தொண்ணூறு வருடம் ஒருநாளும் எடுக்காமல் விட்ட கூட்டு வட்டிதான் அந்த ஆசனம். அவர் வாங்கிய வட்டியை மூன்று மாதத்தில் வாங்கிவிட வேண்டும் என்று நினைப்பவருக்கு, கணக்கில் கிடைப்பது கடன் மட்டுமே. அந்தக் கடனை மணிக்கட்டும் முழங்காலும் கழுத்தும் பிற்பாடு கட்டும்.

போட்டி வேண்டாமா?

இந்த இடத்தில் எதிர்த் தரப்பின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும்.

தர்மபுரி பணக்கார மாவட்டம் இல்லை. கிரிக்கெட் கிட் வாங்கவோ நீச்சல் குளத்துக்கு மாதக் கட்டணம் கட்டவோ எல்லா வீட்டாலும் முடியாது. யோகாவுக்கு ஒரு பாய் போதும். மத்திய விளையாட்டு அமைச்சகம் 2020 டிசம்பரில் யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாக அங்கீகரித்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளிலும் யோகாசனம் இருந்தது. அரூரிலோ பென்னாகரத்திலோ இருக்கும் ஒரு பெண், இதே ஆசனத்தால் மாநில அளவில் மெடல் வாங்கலாம், சான்றிதழோடு கல்லூரியில் நுழையலாம். அதுவரை வீட்டு வாசலைத் தாண்ட விடாதவர்கள் மெடலைப் பார்த்ததும் பஸ் ஏற்றி அனுப்புவார்கள். இதைச் சின்ன விஷயம் என்று யாரும் ஒதுக்க முடியாது.

ஆனால் விளையாட்டு என்று சொன்னால் விளையாட்டாகவே நடத்த வேண்டும் இல்லையா? கபடிக்கு வார்ம்-அப் இருக்கிறது. வயதுப் பிரிவு இருக்கிறது. நீளம் தாண்டும் போட்டிக்கு மணல் குழி வெட்டுகிறார்கள். யாரும் சிமெண்ட் தரையில் நீளம் தாண்டச் சொல்வதில்லை. யோகாவுக்கு மட்டும் சிமெண்ட் தரையில் ஒரு ஜமக்காளம் போதுமாம்! விழுந்தால் தாங்க மெத்தை கிடையாது. ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது "யார் யாருக்கு உடம்பு நல்லா வளையுது?" என்று கேட்டுப் பத்துப் பிள்ளைகளைப் பொறுக்குவார்கள். வளையாத பிள்ளைகள் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள்.

இதற்கும் மேலே போனது 'உலக சாதனை' மோகம். பானைமேல் ஆசனம், ஆணிப் பலகைமேல் ஆசனம், இத்தனை நிமிடத்தில் இத்தனை ஆசனம் என்று பிள்ளைகளை வைத்து நடத்தும் வேடிக்கைகளுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமே இல்லை. ஆணிப் பலகையால் எந்தத் தசை வலுப்பெறுகிறது என்று யாராவது விளக்கினால் நல்லது.

தலைகீழாக நிற்பவர்களுக்கு ஒரு செய்தியும் உண்டு. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். யோகா பழகிய 75 பேரைச் சிரசாசனத்தில் நிற்கவைத்துக் கண்ணின் உள்ளழுத்தத்தை அளந்தார்கள். அது ஏறக்குறைய இரண்டு மடங்காக உயர்ந்தது. அந்த 75 பேரிடம் வழக்கமான நேரத்தில் கண் அழுத்தம் உள்ளவர்கள் கூடுதலாக இல்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. ஆகவே எல்லாரும் பயப்படத் தேவையில்லை. ஆனால் ஏற்கனவே கண் நீர் அழுத்த நோய் உள்ளவருக்கு இந்த இரண்டு மடங்கு விளையாட்டு இல்லை. சிரசாசனம் சொல்லித்தருவதற்கு முன்னால் "கண்ணில் ஏதாவது பிரச்சினை இருக்கா? ரத்த அழுத்தம் இருக்கா? கழுத்து வலி இருக்கா?" என்று கேட்கும் ஆசிரியர் எத்தனை பேர்?

தண்ணீர் இறுக்கிய முதுகுகள்

இனி கடைசி வரிசைப் பையனுக்கு வரலாம். அவன் ஏன் குனியவில்லை?

பெரும்பாலும் காரணம் சாதாரணமாகவே இருக்கும். நாள் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்த தொடை. மாலையில் செல்போனுக்குக் குனிந்த கழுத்து. வளரும் வயதில் திடீரென்று நீண்டுவிட்ட கால். நாலு மாதம் பொறுமையாகப் பழகினால் கை தானாகக் கீழே போகும். அவனுக்குத் தேவை கிண்டல் இல்லை, நேரம்.

ஆனால் அவனுடைய வீட்டில் இருக்கும் பாட்டியின் முதுகு வேறு கதை. தர்மபுரி மாவட்டத்தின் பாறை நிலத்தில் புளோரைடு கலந்த கனிமங்கள் இருக்கின்றன. போர்வெல் தண்ணீரில் அது கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அதற்கு மேல் உள்ள தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். அந்தக் கறையை இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதிக அளவில் பல வருடம் குடித்தால் எலும்பிலேயே படியும். தசைநார்களில் சுண்ணாம்பு ஏறும். முதுகுத்தண்டு மூங்கில் மாதிரி விறைக்கும். கழுத்து திரும்பாது, இடுப்பு வளையாது.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டம் வந்தது. ஜப்பான் நாட்டின் ஜைக்கா நிறுவனக் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாய் செலவில், காவிரித் தண்ணீரைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் திட்டம். 2008ல் அடிக்கல். 2013 மே மாதம் தொடக்கம். திட்டத்தின் பெயரிலேயே நோயின் பெயரும் இருக்கிறது என்றால் பாதிப்பு எவ்வளவு என்று புரிந்துகொள்ளலாம்.

புளோரைடு பாதித்த ஊர்களில் சுகாதாரப் பணியாளர்கள் செய்து பார்க்கச் சொல்லும் மூன்று எளிய அசைவுகள் உண்டு. ஒன்று, முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடுவது. இரண்டு, தாடையை மார்பில் தொடுவது. மூன்று, கைகளைத் தூக்கித் தலையின் பின்பக்கத்தைத் தொடுவது. இவற்றைச் செய்ய முடியாவிட்டால் அந்த நோய்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் மருத்துவரிடம் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதற்கு அது ஒரு அறிகுறி.

இந்த மூன்று அசைவையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். யோகா வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் மாதிரியே இல்லையா? எலும்பிலேயே விறைத்துப்போன முதுகை, "இன்னும் கொஞ்சம் குனிங்கம்மா, பழகினா வந்துடும்" என்று அழுத்துகிற ஆசிரியர், தெரியாமலே தீங்கு செய்கிறார். தசையின் இறுக்கம் பயிற்சிக்குப் பணியும். எலும்பின் இறுக்கம் பணியாது. புளோரைடால் விறைத்த எலும்பைப் பழைய நிலைக்குத் திருப்பும் ஆசனம் எதுவும் இல்லை. நல்ல தண்ணீர் கொடுத்தால் மேற்கொண்டு மோசமாகாமல் தடுக்கலாம், அவ்வளவுதான். யோகா எல்லா நோயையும் தீர்க்கும் என்று மைக்கில் பேசுபவர்கள், இந்த மாவட்டத்தில் பேசும்போதாவது கொஞ்சம் யோசித்துப் பேச வேண்டும்.

ஆகவே தர்மபுரியில் யோகா சொல்லித்தருபவருக்கு ஒரு கூடுதல் பொறுப்பு இருக்கிறது. மேடைக்கு எந்த முதுகு வளையும் என்று தேடுவதைவிட, வளையாத முதுகு எது, ஏன் என்று பார்ப்பது பெரிய வேலை. ஜூன் 21 காலையில் ஆயிரம் பேர் ஒன்றாகக் கூடும்போது, இந்த மூன்று அசைவையும் எல்லாரையும் செய்யச் சொல்லி, முடியாதவர்களின் பெயரைத் தனியாகக் குறித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினால் என்ன? அன்றைய நிகழ்ச்சியில் அதைவிடப் பயனுள்ள ஆசனம் வேறு இருக்க முடியாது.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் வேண்டாம்.

1. மேடை ஏறும் பிள்ளை அந்த ஆசனத்தைக் குறைந்தது ஒரு வருடமாவது படிப்படியாகப் பழகியிருக்க வேண்டும். மயூராசனத்துக்கு முன்னால் சலபாசனமும் தண்டால் நிலையும், சக்ராசனத்துக்கு முன்னால் புஜங்காசனமும் தனுராசனமும் என்று ஏணி இருக்க வேண்டும்.

2. மூச்சுதான் அளவுகோல். மூக்கு வழியாகச் சீராக மூச்சு விட முடிந்தால் அந்த ஆசனம் கைவசம் வந்துவிட்டது. மூச்சை அடக்கித்தான் நிற்க முடிகிறது என்றால் இன்னும் ஒரு படி கீழே இறங்க வேண்டும்.

3. மூட்டுக்குள் குத்தும் வலி வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். தசை இழுபடுவது வேறு, மூட்டு குத்துவது வேறு. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதே பாதிப் பாடம்.

4. யாரையும் பின்னாலிருந்து அழுத்தி வளைக்கக் கூடாது. முதுகின்மேல் உட்கார்ந்து வளைக்கும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

5. பரிசு கொடுப்பதாக இருந்தால் இரண்டு பரிசு கொடுக்கலாம். நன்றாகச் செய்பவருக்கு ஒன்று. போன வருடத்தைவிட அதிகம் முன்னேறியவருக்கு ஒன்று. கடைசி வரிசைப் பையனுக்கும் ஒரு வாய்ப்பு வரட்டும்!

மாமல்லபுரத்துப் பூனை

மாமல்லபுரத்தில் பல்லவர் காலத்துப் பெரிய பாறைச் சிற்பம் ஒன்று இருக்கிறது. அர்ஜுனன் தபசு என்பார்கள். பகீரதன் தபசு என்பவர்களும் உண்டு. எலும்பும் தோலுமான ஒருவர், கைகளை மேலே தூக்கி ஒற்றைக் காலில் நிற்கிறார். அதே பாறையில் கீழே ஒரு பூனையும் நிற்கிறது. அதுவும் முன்னங்கால்களை மேலே தூக்கித் தவக்கோலத்தில்தான் இருக்கிறது. அதன் காலடியில் எலிகள்!

ஆசனம் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சிற்பி வேறுபடுத்திக் காட்டியது எதற்காக நிற்கிறார்கள் என்பதை. சுமார் 1,300 வருடங்களுக்கு முன்னாலேயே இந்த வித்தியாசம் தெரிந்த ஊர் இது.

தர்மபுரிக்குத் தகடூர் என்று பழைய பேர். நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனி கையில் கிடைத்தபோது, தான் உண்ணாமல் அவ்வைக்குக் கொடுத்த அதியமானின் ஊர். கிடைத்த நல்லதை, அது தேவைப்படும் ஆளிடம் சேர்ப்பது இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. யோகாவும் ஒரு நெல்லிக்கனி என்றே வைத்துக்கொள்வோம். மேடையில் இருக்கும் பையனிடம் அது ஏற்கனவே இருக்கிறது. அடுத்த ஜூன் 21 அன்று, கடைசி வரிசை வரைக்கும் அதை யார் எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள்?